வெட்டிச் சமமாக்க வேண்டாம்

என் வலது கால் இடது காலைவிடக் குட்டை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கதை முழுக்க நீங்கள் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பிறந்ததிலிருந்தே அப்படித்தான். விபத்து இல்லை, யார் விட்ட சாபமும் இல்லை. வலது காலில் அடி தடித்த ஷூ போட்டிருக்கிறேன். அது பாதிக் குறையை ஈடுகட்டும். மீதியை என் இடுப்பு பார்த்துக்கொள்ளும். நடந்தால் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்வேன். நின்றால் நேராக நிற்பேன். படிக்கட்டில் நான் இறங்கும் சத்தத்தை வைத்தே கீழ்வீட்டுக்காரர் கதவைத் திறந்து எனக்கு வந்த தபாலை நீட்டுவார். வசதிதான்.

வீட்டிலிருந்தபடியே காகிதப் பொம்மை வடிவமைப்பது என் தொழில். தலை, உடம்பு, கை, கால் எல்லாவற்றையும் கணினியில் வரைந்து, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மாதிரி ஒரே தாளில் படுக்க வைப்பேன். வெட்ட வேண்டிய இடத்தில் முழுக்கோடு. மடிக்க வேண்டிய இடத்தில் புள்ளிக்கோடு. ஒட்ட வேண்டிய இடத்தில் சின்னச் சின்ன நாக்கு. யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுப் பிரிண்டரில் கொஞ்சம் தடித்த தாளில் அச்சடித்து, மை தீர்ந்த பேனாவால் புள்ளிக்கோட்டின் மேல் அழுத்தி இழுத்து, வெட்டி மடித்து ஒட்டினால் பொம்மை எழுந்து நிற்கும். தட்டையாகக் கிடந்தது எழுந்து நிற்கும் அந்த நொடிக்காகத்தான் இந்தப் பிழைப்பை விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். "பேப்பர் வெட்டுறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்ட உறவுக்காரர்கள் எல்லார் வீட்டு அலமாரியிலும் என் பொம்மை ஒன்றாவது நிற்கிறது.

இணையத்தில் வரும் ஒரு சிறுவர் இதழுக்கு மாதாமாதம் ஒரு பொம்மைத் தாள் கொடுத்துவந்தேன். பல வருடமாக அந்தப் பக்கம் என்னுடையது. பள்ளிக்கூட விழா, கடை அலங்காரம் என்று வேறு வேலைகளும் வந்து போகும். ஆனால் என்னை நாலு பேருக்குத் தெரியும் என்றால் அது அந்தப் பக்கத்தால்தான். இதழுக்கென்று போனில் ஒரு வாசகர் குழு இருந்தது. பிள்ளைகள் செய்து முடித்த பொம்மையைப் பெற்றோர்கள் படமெடுத்து அதில் போடுவார்கள். நானும் அதில் இருந்தேன், ஆனால் ஆசிரியரைத் தவிர இதழைச் சேர்ந்த யாரும் அதில் வாய் திறக்கக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். என் அம்மாவும் தன் போன் எண்ணில் சந்தா கட்டி அதில் இருந்தாள். அவள் யார் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

அம்மாதான் என் சோதனைக்கூடம். புதுத் தாள் எதுவானாலும் முதல் பிரதி அவள் கைக்குத்தான் போகும். அவள் செய்யும்போது நான் மூச்சுவிடக் கூடாது. "இது எங்கடி போகுது?" என்று ஒரு தடவை கேட்டுவிட்டாலும் நான் அந்தப் பாகத்தைத் திரும்ப வரைய வேண்டும். கேட்காமல் முடித்துவிட்டால் தாள் தேறியது. அம்மா ஆயுசு முழுக்கத் துணி தைத்தவள். கத்தரிக்கோல் விஷயத்தில் எமகாதகி. பசை விஷயத்தில் சுத்த மோசம். பொம்மை முடியும்போது அவள் விரல்களும் மேசையும் என் கணினி எலியும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்தக் கைதான் சின்ன வயதிலிருந்து எனக்குத் துணி தைத்தது. தரையைக் கூட்டும் நீளத்துக்குத்தான் தைப்பாள். ஷூ தெரியக் கூடாது. கீழ்மடிப்பை வலது பக்கம் இரண்டு விரல் கூடுதலாக மடித்து, பார்க்கிறவர் கண்ணுக்கு விளிம்பு ஒரே மட்டமாகத் தெரியும்படி செய்துவிடுவாள். அன்புதான். இல்லையென்று நான் எப்போது சொன்னேன்? ஆனால் எனக்கு அது மூச்சுமுட்டியது. வீட்டில் ஒரு ஆளை ஒளித்து வைத்திருப்பதுபோல என் காலை ஒளித்து வைத்தோம், நானும் அவளும் சேர்ந்து.

அந்த வருடம் இதழில் 'மூன்றாம் மாடிக் குடும்பம்' என்று ஒரு தொடர். மாதம் ஒருவர். குடையோடு வழுக்கைத் தலை அப்பா வந்தார். முறைத்துக்கொண்டு அம்மா வந்தார். தம்பி, பூனை, அப்பா உட்கார ஒரு நாற்காலி. கடைசியாக, பந்து பிடித்துக்கொண்டு சிரிக்கும் அக்கா வர வேண்டும். மனித பொம்மைக்குக் கால் வரைவது சோம்பேறி வேலை. ஒன்றை வரைந்து, பிரதி எடுத்து, ஒரு பொத்தானைத் தட்டித் திருப்பிப் போட்டால் மறு கால் தயார். போர்வீரனோ கோமாளியோ, இந்தத் தொழிலில் எல்லாருக்கும் இருப்பது இரண்டு கால் அல்ல, ஒரே கால்தான். அதையே இரண்டு தடவை ஒட்டுகிறோம்.

அக்காவின் இடது காலை வரைந்து வைத்துவிட்டுச் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனோம். குடும்பமாக நின்று படம் எடுக்கும் நேரம் வந்தது. படக்காரர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார். என்னையும் பார்த்தார், மேலிருந்து கீழே. "அக்கா, நீங்க மட்டும் அந்த நாற்காலிக்குப் பின்னால போயிடுங்களேன். பிரேம் நல்லா வரும்," என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அவர்மேல் அல்ல. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நான் அந்த நாற்காலியை நோக்கி நடக்க ஆரம்பித்திருந்தேன். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டினால் எனக்கு முன்னால் ஒரு நாற்காலி இருக்கும், இல்லையென்றால் யார் வீட்டுக் குழந்தையாவது இருக்கும், அதுவும் இல்லையென்றால் ஒரு பூந்தொட்டி. பூந்தொட்டியில் முளைத்தவள் மாதிரி இருக்கிறேன்.

மறுநாள் காலையில் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அக்காவின் கால் திரையில் இருந்தது. பிரதி எடுத்தேன். விரல் வழக்கம்போலத் திருப்பும் பொத்தானுக்குப் போனது. கையை எடுத்துவிட்டேன். இவள் என் காலில் நிற்கட்டும், பார்த்துவிடலாம்.

சொல்வது சுலபம். காகிதத்துக்குப் பரிதாபம் தெரியாது. வலது காலைக் குட்டையாக்கி அடி தடித்த ஷூ மாட்டினேன். பொம்மை வலது பக்கம் சாய்ந்து விழுந்தது. ஷூவை அகலமாக்கினேன், பின்பக்கம் மல்லாந்தது. பந்தை மறு கைக்கு மாற்றினேன். அப்போதும் விழுந்தது, பந்தோடு. குப்பைக்கூடை நிறைய அக்காக்கள். கடைசியில் எரிச்சலோடு எழுந்து கண்ணாடி முன்னால் போய் நின்று, துணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நான் எப்படி விழாமல் நிற்கிறேன் என்று பார்த்தேன். இத்தனை வயதில் அப்படிப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பதில் இடுப்பில் இருந்தது. குட்டைக் காலுக்கு எட்டும்படி என் இடுப்பு வலது பக்கம் இறங்கிக்கொடுக்கிறது. அதற்குமேல் முதுகும் தலையும் நேர்.

பொம்மையின் இடுப்பு என்பது உடம்புக்கும் காலுக்கும் நடுவே ஒட்டும் ஒரு சின்னப் பெட்டி. அதன் வலது பக்கத்தை மட்டும் கொஞ்சம் தாழ இறக்கி வரைந்தேன். ஒட்டினேன். நின்றாள். மேசையைத் தட்டினேன், நின்றாள். ஜன்னல் காற்றிலும் நின்றாள். நான் தனியாக உட்கார்ந்துகொண்டு கையைத் தட்டினேன், பைத்தியம் மாதிரி.

அம்மாவிடம் தாளைக் கொடுத்தேன். எதுவும் சொல்லவில்லை, சட்டம் அப்படி. அவள் வெட்டினாள், மடித்தாள், பூசினாள். இரண்டு காலையும் கையில் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கத்தரிக்கோலை எடுத்து நீளக் காலின் மேல்பகுதியை நறுக்கென்று வெட்டினாள்.

"அம்மா!"

"கத்தாத. ஒண்ணு நீளம், ஒண்ணு குட்டையா வரஞ்சிருக்க. தூக்கக் கலக்கத்துல பண்ணினியா? நான் சரி பண்ணிட்டேன்."

"நீ என்ன சரி பண்ணின? ஒட்டிப் பாரு."

ஒட்டினாள். பொம்மை இடது பக்கம் சாய்ந்து தொப்பென்று விழுந்தது. நிமிர்த்தினாள். விழுந்தது. நான் என்னுடைய பிரதியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். அது குட்டைக் காலோடும் தடித்த ஷூவோடும் பந்தோடும் ஜம்மென்று நின்றது. அம்மா அதன் ஷூவைப் பார்த்தாள். பிறகு குனிந்து, மேசைக்குக் கீழே, என் ஷூவைப் பார்த்தாள்.

"எதுக்குடி இது?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. "ஊரே பாக்கணுமா?"

"பாக்கட்டும்."

"நான் எத்தனை வருஷமா…" என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. விரலில் காய்ந்த பசையை உரித்தபடி எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்று மாலை தேநீர் அவள் கையால் வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் யுத்தம்.

தாளை அனுப்பினேன். ஆசிரியர் அடுத்த நாளே போன் செய்தார். நல்ல மனுஷர்தான், குரலை உயர்த்தவே தெரியாது. அப்படிப்பட்டவர்களோடு சண்டை போடுவது இன்னும் கஷ்டம்.

"மேடம், அக்கா பிரமாதம். ஒரே ஒரு சின்ன விஷயம். வலது கால் கொஞ்சம்…"

"குட்டை."

"ஆமா. ஏதாவது தவறிப் போச்சோ?"

"இல்ல சார். அவ கால் அப்படித்தான்."

என்னை அவர் நேரில் பார்த்ததில்லை. எல்லாம் போனிலும் கணினியிலும்தான். "எனக்குப் புரியுது," என்றார். புரியாதவர்கள்தான் உடனே அப்படிச் சொல்வார்கள். "ஆனா பாருங்க, பசங்க சந்தோஷமா விளையாடுற பக்கம் இது. அங்க போய் எதுக்கு சோகம்?"

"சோகமா? அவ சிரிச்சிட்டு இருக்கா சார். கையில பந்து இருக்கு. இந்தக் குடும்பத்துலயே அவ ஒருத்திதான் சிரிக்கிறா."

"தப்பா அச்சாயிடுச்சுன்னு போன் மேல போன் வரும் மேடம். நான் வேணாம்னு சொல்லல. இப்படி இருக்கிறவங்களுக்குன்னு வருஷத்துல ஒரு நாள் வருதில்ல, அப்ப சிறப்பிதழ் போடுவோம். அதுல பெருசா, முதல் பக்கத்துலயே போடலாம்."

"எனக்கு வருஷம் முழுக்கக் கால் இப்படித்தான் சார் இருக்கு," என்றேன்.

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. மன்னிப்புக் கேட்டார், இரண்டு தடவை. பாவமாகக்கூட இருந்தது. ஆனால் முடிவை மாற்றவில்லை. காலை அவர்கள் அலுவலகத்து வடிவமைப்பாளரே சரிசெய்துவிடுவார், எனக்குச் சிரமம் வேண்டாம் என்றார்.

"சார், அவ கால்ல கை வெக்காதீங்க. வெச்சா விழுந்துடுவா."

"உணர்ச்சிவசப்படாதீங்க மேடம்," என்றார் மிக மென்மையாக, போனை வைத்துவிட்டார். நான் இடுப்பைப் பற்றித்தான் சொன்னேன். அவர் என்னவோ நான் கண்ணீர் விடுவதாக நினைத்துக்கொண்டார்.

வாதாடிப் பயனில்லை என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை நான். இடுப்புப் பெட்டி ஏன் சாய்ந்திருக்கிறது, காலை மாற்றினால் ஏன் நிற்காது என்று படம் போட்டு அனுப்பினேன். 'கவனத்தில் கொள்கிறோம்' என்று பதில் வந்தது. அலுவலக மொழியில் அதற்கு 'குப்பையில் போட்டோம்' என்று அர்த்தம்.

இதழ் வெளிவந்தது. நான் பார்க்க மாட்டேன் என்று பிடிவாதமாக வேறு வேலை செய்துகொண்டிருந்தேன். பிரிண்டர் ஓடும் சத்தம் கேட்டது. அம்மா தன் போனிலிருந்து தாளை எடுத்து, அனுப்பி, தானே அச்சடித்துக்கொண்டிருந்தாள். யுத்தம் இன்னும் முடியவில்லை. அதனால் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து வெட்ட ஆரம்பித்தாள்.

இரண்டு காலும் ஒரே கால். இடது காலைப் பிரதி எடுத்துத் திருப்பியிருந்தார்கள்; அந்தப் பொத்தான் அங்கேயும் உண்டு. தடித்த ஷூ போய் சாதாரண ஷூ வந்திருந்தது. இடுப்பை யாரும் தொடவில்லை. அது யார் கண்ணுக்கும் படவில்லை.

அம்மா ஒட்டி முடித்து நிறுத்தினாள். விழுந்தது. அம்மா 'ச்சு' கொட்டினாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி விழுந்தது. மூன்றாம் மாடிக் குடும்பம் மொத்தமும் எங்கள் வீட்டு அலமாரியில் வரிசையாக இருந்தது. அவள் அக்காவை எடுத்துக்கொண்டு போய் அங்கே வைத்துப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் வைத்தாள், விழுந்தது. தம்பி மேல் சாய்த்தாள், தம்பியையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு விழுந்தது. கடைசியில் காகித நாற்காலியை முன்னுக்கு இழுத்து, அக்காவை அதற்குப் பின்னால் செருகி, சாய்த்து நிறுத்தினாள். நின்றது. நாற்காலியின் முதுகுக்கு மேலே சிரிக்கும் முகமும் பந்தும் மட்டும் தெரிந்தன.

அம்மா ஒரு அடி பின்வாங்கி அதைப் பார்த்தாள். அலமாரியின் மேல்தட்டில் சித்தி மகள் கல்யாணப் படம் சட்டம் போட்டு நின்றது. அவள் அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்தேன்.

"நானும் இதத்தான் பண்ணிட்டு இருந்தேனா?" என்றாள்.

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்று சொல்ல மனசு வரவில்லை. அம்மா நாற்காலிக்குப் பின்னாலிருந்து பொம்மையைப் பிடுங்கி எடுத்தாள். வந்து சோபாவில் உட்கார்ந்தாள். போனை எடுத்தாள். இதழ் அலுவலகத்து எண்ணைப் போட்டாள்.

"வணக்கம். நான் ஒரு வாசகி பேசுறேன். உங்க அக்கா பொம்மை விழுது… ஆமா, அளவைக் குறைக்காம நூறு சதவீதத்துலதான் அச்சடிச்சேன். எனக்கு அச்சடிக்கத் தெரியாதா?… தாள் தடிச்ச தாள்தான்… பசையா? பசை எல்லாம் நிறையவே போட்டிருக்கேன்… நான் செஞ்சது தப்பு இல்லீங்க, நீங்க ஒட்டின கால் தப்பு. போன மாசம் வரைக்கும் ஒரு பொம்மையாவது விழுந்துச்சா? இப்ப எந்தப் புண்ணியவான் கை வெச்சான்?"

ஆசிரியர் பயந்த முதல் போன் அதுதான். குட்டைக் காலைப் பற்றி வரும் என்று பயந்தார். சமமான காலைப் பற்றி வந்தது. நான் குளியலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

சாயங்காலத்துக்குள் வாசகர் குழு களேபரமாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் விழுந்த அக்காக்கள். ஒருவர் வீட்டில் சுவரில் சாய்ந்திருந்தாள், ஒருவர் வீட்டில் தண்ணீர் பாட்டிலோடு ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தார்கள். ஒரு அப்பா காலுக்கு அடியில் அழிப்பானைச் செருகி, தன் பொறியியல் பட்டம் இன்றுதான் உபயோகப்பட்டது என்று எழுதியிருந்தார். அதுவும் விழுந்துவிட்டதாகப் பிறகு எழுதினார். அழும் பிள்ளை ஒன்றின் குரலும் வந்தது. "எங்க வீட்டு அக்கா மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குறா?" அந்தக் குரலைக் கேட்டதும் என் சிரிப்பு போய்விட்டது. என் பொம்மை எதுவும் இதுவரை ஒரு பிள்ளையையும் அழ வைத்ததில்லை.

ஆசிரியர் கூப்பிட்டார். இந்தத் தடவை குரலில் அவசரம் இருந்தது.

"மேடம், ஒரு உதவி. அந்த இடுப்பை மட்டும் நேராக்கி அனுப்பிடுங்க. உங்களுக்கு அஞ்சு நிமிஷ வேலை."

"ஆமா, அஞ்சு நிமிஷம்கூட ஆகாது."

"அப்ப நல்லதாப் போச்சு."

"இடுப்பு சரியாத்தான் இருக்கு சார். கால்தான் தப்பு. அது யார் காலோ, அவளோடது இல்ல. அவ காலை அவகிட்ட திருப்பிக் குடுங்க, நின்னுடுவா."

"மேடம், நான் நேரடியா கேக்குறேன். நாங்க மாத்தினா விழணும்னே இப்படிச் செஞ்சீங்களா?"

"சார், நான் வில்லத்தனம் பண்ணத் தெரிஞ்சவளா இருந்தா எப்பவோ பெரிய ஆளா ஆகியிருப்பேன். அவ அவளோட கால்ல நிக்கிறதுக்குத்தான் அந்த இடுப்பைப் போட்டேன். நானும் அப்படித்தான் நிக்கிறேன்."

"எனக்குத் தெரியாது மேடம்," என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் வருத்தம் ஒரு பக்கம், இதழ் ஒரு பக்கம். "ஒரு தடவை போட்டுட்டோம். இப்ப காலைக் குட்டையாக்கிப் போட்டா முதல்ல நாங்கதான் தப்பா மாத்தினோம்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆகிடும். இடுப்பு நேராகி இன்னைக்கு வரலைன்னா, அந்தப் பக்கத்துக்கு நான் வேற ஆளைப் பாக்க வேண்டி வரும். தப்பா எடுத்துக்காதீங்க."

யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். கணினியைத் திறந்து இடுப்புப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தபடி இருந்தேன். இரண்டு புள்ளியை மேலே இழுத்தால் போதும். பக்கம் என்னிடமே இருக்கும். அழுத பிள்ளை சிரிக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியாது. ஆல்பத்திலும் ஒரு படம் கூடும்: நாற்காலிக்குப் பின்னால் காகிதத்தில் ஒருத்தி. அந்தப் பக்கத்தை நான் விரும்பினேன், அதைப் பிடித்துக்கொள்ள எவ்வளவோ விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்தக் காலை அவர்கள் வெட்டிவிட்டு, அதற்கு ஏற்றபடி இடுப்பையும் என்னையே வெட்டித் தரச் சொல்கிறார்கள். மாட்டேன்.

அந்தக் கோப்பை மூடினேன். புதுத் தாள் ஒன்றைத் திறந்தேன். அதில் ஒரே ஒரு பாகம் மட்டும் வைத்தேன்: வலது கால், தடித்த ஷூவோடு. கீழே செய்முறை எழுதினேன். 'அக்கா விழுகிறாளா? வலது காலை மெதுவாகக் கழற்றுங்கள். இந்தக் காலை ஒட்டுங்கள். நிற்பாள்.'

அச்சடித்து அம்மாவிடம் கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. அம்மா சமமான காலைப் பிய்த்து எறிந்துவிட்டு இதை வெட்டி ஒட்டினாள். அக்கா நின்றாள். அம்மா மேசையை ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள், கடையில் பாத்திரம் வாங்குகிறவள் மாதிரி. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, செய்முறையை மறுபடி படித்தாள்.

"இது பத்தாது," என்றாள்.

"என்ன பத்தாது? மூணு வரியில இருக்கு, குழந்தைக்கும் புரியும்."

"குழந்தைக்குப் புரியும். வீட்ல பெரியவங்க ஒருத்தி இருப்பா. ரெண்டு காலையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பா. ஒண்ணு நீளமா இருக்கேன்னு கத்தரிக்கோலை எடுப்பா." கண்ணாடியைக் கழற்றினாள். "நல்லதுன்னு நெனச்சுத்தான் எடுப்பா. எழுது. கால் குட்டையாத்தான் இருக்கும். வெட்டிச் சமமாக்க வேண்டாம்."

எழுதினேன். எழுத்து கலங்கித் தெரிந்தது. சரிபார்க்க அம்மாவிடமே காட்ட வேண்டியிருந்தது. 'வெட்டி'க்கும் 'சமமாக்க'வுக்கும் நடுவே ஒற்று விட்டிருந்தேன். அதையும் அவள்தான் பிடித்தாள்.

குழுவில் போட்டேன். பல வருடம் வாய் திறக்காதிருந்த குழுவில் என் முதல் பேச்சு ஒரு கால். கீழே, 'பொம்மையை வடிவமைத்தவள்' என்று சேர்த்தேன். சற்று நேரத்தில் ஆசிரியர் என்னைக் குழுவிலிருந்து நீக்கினார். அடுத்த மாதத்திலிருந்து சிரமம் தர மாட்டோம் என்று தனியாக ஒரு குறுஞ்செய்தியும் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். பக்கம் போயிற்று. அழவில்லை, கோபம் அதற்கு இடம் விடவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் மறந்துவிட்டார், அல்லது அவருக்குத் தெரியவே தெரியாது. என்னை நீக்கினார். வாசகி அங்கேயேதான் இருந்தாள்.

மறுநாள் காலை அம்மாவின் போன் கத்த ஆரம்பித்தது. அவள் அடுப்படியிலிருந்தே கூவினாள். "நிக்கிறாடி!" நான் ஓடினேன், டக் தட், டக் தட் என்று. ஜன்னல் கட்டையில் நின்றாள். புத்தக அடுக்கின் மேல் நின்றாள். யார் வீட்டிலோ தூங்கும் நாயின் முதுகில் நின்றாள். பொறியியல் அப்பா அழிப்பானை எடுத்துவிட்டுப் படம் போட்டிருந்தார். நேற்று அழுத பிள்ளையின் குரல் மறுபடி வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். காலைப் பற்றி அது என்ன கேட்கும், நான் என்ன சொல்லுவேன் என்று மனசு அடித்துக்கொண்டது.

"அக்கா நிக்கிறா. ஆனா பந்து கழண்டுடுச்சு. பந்தை எப்படி ஒட்டுறது?"

அவ்வளவுதான். அந்தப் பிள்ளைக்குக் கால் வெறும் கால்தான். பந்துதான் பிரச்சினை.

"பதில் சொல்லட்டுமா?" என்றாள் அம்மா.

"சொல்லு. உள்ளங்கையில நாக்கு இருக்கு, அதுல பசை. கொஞ்சமா. உன்னை மாதிரி அப்பாத."

அம்மா தட்டெழுதினாள், ஒவ்வொரு எழுத்தாக. பிறகு போனை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். "அந்தப் பொம்மையை எடுத்துக்கிட்டு அங்க போய் நில்லு. செஞ்சவ யாருன்னு கேக்குறாங்க. ஒரு போட்டோ போடுறேன்."

"அவர் உன்னையும் தூக்கிடுவாரு."

"தூக்கட்டும். சந்தா கட்டியிருக்கேன், சண்டை போடுவேன்."

அக்காவை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு எழுந்தேன். அறையின் நடுவில் சாப்பாட்டு மேசை நாற்காலி ஒன்று கிடந்தது. நான் கவனிக்கவே இல்லை. என் கால்கள் தாமாக அதைச் சுற்றிக்கொண்டு போய் அதன் பின்னால் நின்றுவிட்டன. அம்மா போனை இறக்கினாள். என்னைப் பார்த்தாள். வந்து அந்த நாற்காலியை ஒரே தள்ளாகத் தள்ளினாள், அது போய் அலமாரியில் இடித்தது. குனிந்து, தான் தைத்த விளிம்பைக் கையால் பிடித்து, என் கணுக்காலுக்கு மேலே தூக்கி, இடுப்பில் செருகிவிட்டாள். முழங்கால் வலியோடு எழுந்து மறுபடி தூரமாகப் போய் நின்றாள்.

"கால் தெரியுதா?" என்று கேட்டேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"ரெண்டும் தெரியுது. ஷூ வரைக்கும் தெரியுது," என்றாள் அம்மா. "அசையாம நில்லு."

நின்றேன்.